வாடிப்பட்டிக்குப் போன பூ வட்டம்

போன வாரம் எங்கள் அச்சகத்துப் பக்கம் போயிருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டாலும், அவ்வப்போது மை வாசம் மூக்கில் ஏறாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டிசைன் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது கௌசல்யா என்ற பெண் இருக்கிறார். "சார், இதப் பாருங்க" என்று கணினியிடம் மல்லிகைக் கொடி கேட்டுத் தட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நான்கு படங்கள் வந்து நின்றன. நான்கும் கண்ணைப் பறித்தன. ஒன்றில் மல்லிகை முள்செடியில் பூத்திருந்தது. இன்னொன்றில் மொட்டுக்குள்ளிருந்து இன்னொரு மொட்டு எட்டிப் பார்த்தது.

"இதுல எது சார் சரி?"

வாழ்நாளெல்லாம் பூ வரைந்தே சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் அந்த முள்செடி மல்லியைப் பார்த்துக்கொண்டே நின்றதில், நிஜ மல்லிக்கு முள் உண்டா இல்லையா என்று எனக்கே சந்தேகம் தட்டிவிட்டது. "வீட்டுல போய்ப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று நழுவப் பார்த்தேன். "அப்படியே நீங்க கையால வரைஞ்ச காலத்தப் பத்தி நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுத்துருங்க சார்" என்று பிடித்துக்கொண்டார். அதனால் எழுதுகிறேன். இதில் இளையவர்களுக்கு அறிவுரை எதுவும் கிடையாது. பதற்றம்தான் கைவசம் இருக்கிறது. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓவியம் படித்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பள்ளியில் பானை வரையச் சொன்னார்கள், பழம் வரையச் சொன்னார்கள், பிறகு பிளாஸ்டரில் செய்த ஒரு மூக்கைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். அந்த மூக்கிலேயே வெகுகாலம் ஓடிவிட்டது. படிப்பு முடிந்து வெளியே வந்து பார்த்தால் மதுரையில் யாருக்கும் மூக்கு தேவைப்படவில்லை. ஊதுபத்திக்காரருக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்காரருக்கும் கல்யாணப் பத்திரிகைக்காரருக்கும் பூதான் வேண்டியிருந்தது. அச்சகத்தில் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஊதுபத்தி அட்டை அளவுதான் என் உலகம்.

அச்சுக்கு மல்லி வரைவதில் ஒரு முறை உண்டு. காலையில் வரும்போதே ஒரு கை மொட்டு வாங்கி வர வேண்டும். ஈரத் துணியில் சுற்றி வைத்து, வேண்டிய மொட்டுகளை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மல்லி நம் அலுவலக நேரத்துக்குக் கட்டுப்படாது. பொழுது சாயும்போது தன் போக்கில் விரிந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். மொட்டு உருளும் என்பதால் மின்விசிறி கூடாது. சித்திரை வெயிலில், விசிறி இல்லாமல், வியர்வை தாளில் சொட்டாமல் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரைய வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படி வரைவது என்று பலரும் கேட்பார்கள். பூவை வரையவே கூடாது. அதைச் சுற்றியிருக்கும் நிழலை வரைய வேண்டும். காம்பு சேரும் இடத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்து ஒரு தீற்றல், மொட்டின் அடிவயிற்றில் நீர்த்த சாம்பல் நிறம், அவ்வளவுதான். மிச்சத்தைத் தாளே பார்த்துக்கொள்ளும். நாம் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் எனக்கு வராது. பல மல்லிகள் என் கையில் தும்பைப் பூ ஆகியிருக்கின்றன.

எங்கள் மேனேஜர் சுப்பையா சார் ஒரு தனிப் பிறவி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்சு வைத்திருப்பார், அச்சில் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. மேசைக்கு வருவார். வணக்கம் சொன்னால் காதில் விழாது. லென்சைப் படத்தின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, இதழ் இதழாக நகர்த்துவார். பேன் பார்ப்பதுபோல இருக்கும். கடைசியில் நிமிர்ந்து, "நல்லாருக்கு. ஆனா..." என்பார். லென்சைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன என்று அவரும் சொன்னதில்லை, கேட்கும் தைரியம் எனக்கும் வந்ததில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து யோசித்து, மறுநாள் வேறொன்று வரைந்து காட்டினால், "மொதல்ல வரைஞ்சதே தேவல. ஆனா..." என்பார்.

அறிவுரை என்று ஒன்றே ஒன்றுதான் அவர் வாயிலிருந்து முழுசாக வந்தது. "விரிஞ்ச பூவ எவன்யா காசு குடுத்து வாங்குவான்? மொட்டா வரை. வாங்கிட்டுப் போறவன் வீட்டுல போயி விரியட்டும்." படத்தில் வரைந்த மொட்டு எப்படி வீட்டில் போய் விரியும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மொட்டாகத்தான் வரைந்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பேரையூரிலிருந்து ஓர் ஊதுபத்தி வியாபாரி வந்தார். நான் வரைந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் படமாத்தான இருக்கு தம்பி. பூவா இல்லையே" என்றார். அது என்னைச் சுட்டுவிட்டது. பூவாக இல்லையா? இருங்கள், பூவையே வைக்கிறேன் என்று நிஜ மல்லி மொட்டுகளைக் கோந்து தடவித் தாளில் ஒட்டி, சுற்றிலும் இலைகளை வரைந்தேன். பாதி பூ, பாதி வண்ணம். புதிய கலை பிறந்துவிட்டது என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேசையருகில் சுப்பையா சார் நின்றிருந்தார். மொட்டெல்லாம் பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது. லென்சை வைத்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு. ஆனா கருவாடு மாதிரி இருக்கு" என்றார்.

அவர் 'ஆனா'வைத் தாண்டிப் பேசியது அன்று ஒருநாள்தான்.

அதன்பின் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. வாடாமல்லி ஒட்டினேன், நிறம் போகாமல் நின்றது. கோழிக்கொண்டையும் நின்றது. செவ்வந்தியைக் காய்ந்த மணலில் புதைத்து எடுத்தால் உருவம் கெடாமல் வந்தது. காம்புக்கு வாழை நார். ஆனால் மதுரையில் உட்கார்ந்துகொண்டு மல்லி இல்லாமல் என்ன பூப்படம்? மெல்லிய தாளில் மல்லி செய்தால் கோந்து பட்டதும் கரைந்தது. முட்டை ஓட்டில் செய்தால் உடைந்தது. விடை எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்து பறந்து வந்தது. என் மனைவி செல்வி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காற்றில் தோல் பறந்து தரையில் கிடந்த என் கறுப்புக் கால்சட்டையின் மேல் உட்கார்ந்தது. வெள்ளை வெளேரென்று, லேசாக வளைந்து, உள்ளே நரம்பு ஓடி. நான் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"என்ன செய்றீக?"

"மல்லிடி."

"அது பூண்டுத் தோலு."

"பூண்டுத் தோல்ல மல்லி."

"அப்ப நான் மல்லியில ரசம் வைக்கிறேன். குடிப்பீகளா?"

பல்லை ஒட்டியிருக்கும் உள்தோல்தான் சரி. நீரில் நனைத்து, தீக்குச்சியில் சுற்றி, காயவிட்டு, வார்னிஷ் ஒரு கை. மொட்டு தயார். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பூண்டுத் தோலும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் மல்லி வாசத்துக்காகக் குனிந்து மோந்து பார்ப்பார்கள். பிறகு பசிக்கிறது என்பார்கள்.

அப்படி மோந்து பார்த்தவர்களில் ஒருவர் வாடிப்பட்டி டாக்டரம்மா. அரசாங்க வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கப் போகிறவர். திறப்பு விழாப் பத்திரிகை அடிக்க வந்த இடத்தில் சுவரில் மாட்டியிருந்த என் பூப்படத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி முகப்புல பெருசா இது மாதிரி ஒண்ணு வேணும். உள்ள வர்ற பொண்ணு அதப் பாத்ததும் பயம் தெளியணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஊர்ல பாதிப் பேரு இன்னும், 'எதுக்கு ரிஸ்க்கு, மதுரைக்கே போயிருவோம்'னுதான் சொல்றாங்க. மொதப் பிரசவம் நல்லபடியா நடக்கணும். அது ஒண்ணு போதும் எனக்கு" என்றார்.

சுப்பையா சார் ஒப்புக்கொண்டார். ஊதுபத்தி அட்டை வரைந்த கை, எட்டடி ஒட்டுப்பலகையின் முன்னால் போய் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததையே செய்தேன்: அட்டை அட்டையாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டிலும் உயிரைக் கொடுத்து இழைத்தேன். பலகையை இரண்டு மேசைகளின் மேல் படுக்கப் போட்டு, குனிந்து குனிந்து வேலை. அமைப்பு வட்டம். ஏன் வட்டம் என்று கேட்டவர்களிடம், "உயிருக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்த வசனம் வந்தது என்று தெரியவில்லை. முடிந்ததும் சுப்பையா சார் வந்தார். லென்சை வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மொட்டையும் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா..." என்றார். போய்விட்டார்.

நன்றாகக் கவனியுங்கள். நானும் பலகையைவிட்டு விலகி நின்று பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அட்டை வரைகிறவனுக்கும் லென்சு வைத்துப் பார்க்கிறவனுக்கும் விலகி நிற்கும் பழக்கமே கிடையாது.

மழைக்காலம். வார்னிஷ் காய மறுத்துவிட்டது. திறப்பு விழா அதிகாலையில் என்றால், நாங்கள் கிளம்பியதே விடிந்து வெகுநேரம் கழித்துத்தான். செல்வியின் தம்பி காசி ஒரு சிறிய சுமை வண்டி வைத்திருக்கிறான். பூ நசுங்கக் கூடாதென்று பலகையை நிமிர்த்தி, பூப்பக்கம் வண்டிக்குப் பின்னால் தெரிய வைத்துக் கட்டினோம்.

பைபாஸ் ஏறியதும் ஓர் அதிசயம் நடந்தது. பின்னால் வந்த பேருந்து ஆரன் அடிக்கவில்லை. முந்தவும் இல்லை. பொறுமையாக வந்தது. ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இருசக்கர வண்டியில் வந்த பெரியவர் ஓரம் கட்டி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மாப்ள, கலைக்கு இன்னும் இந்த நாட்டுல மரியாதை இருக்குடா."

காசி வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை மட்டும் நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் பலகையைத் தூக்கி நிறுத்தித் திருகுகளை முடுக்கினோம். டாக்டரம்மா உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். காசி டீ வாங்க வெளிக்கதவு வரை போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்னடா?"

"சும்மா வாங்க. இங்க நின்னு பாருங்க. என்ன தெரியுது?"

"மல்லி. செவ்வந்தி. அந்தக் கோழிக்கொண்டைக்குப் பக்கத்துல ஒரு மொட்டு லேசா..."

"பூவப் பாக்காதீக மாமா. மொத்தமாப் பாருங்க."

"வட்டம்."

"பூவ வட்டமாக் கட்டி எங்க கொண்டுபோய் வைப்பாக?"

காசி மெதுவாகச் சொன்னான்: "நடுவுல ஒரு ரிப்பன் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி'ன்னு எழுதுனா முடிஞ்சுது. பைபாஸ்ல ஏறும்போதே எனக்குத் தெரியும். நீங்க சந்தோசமா இருந்தீக, கெடுக்க வேணாம்னு வந்தேன்."

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில், எட்டடி உயரத்தில், என் கையால் இழைத்த மலர்வளையம்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் நிறைமாதப் பெண் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. அந்த அம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி வாசலைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னார். ஆட்டோ அப்படியே திரும்பி வந்த வழியே போய்விட்டது.

டாக்டரம்மாவின் முதல் பிரசவம், மதுரையைப் பார்த்துப் போகிறது. போகிற வழியில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று ஆட்டோவின் பின்னாலும் மற்றது சுவரை நோக்கியும் போகப் பார்த்தன. காசி ஆட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடினான். பலகையைக் கழற்றிவிடலாம் என்றால் திருப்புளி வண்டியில். வண்டிச் சாவி காசியின் பையில். காசி ரோட்டில். வேறு வழி தெரியாமல் பலகையின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். என்னால் மறைக்க முடிந்தது இரண்டு செவ்வந்தி.

டாக்டரம்மா ஓடி வந்தார். "என்ன செய்றீங்க?"

"மறைக்கிறேன் டாக்டர்."

"எதை?"

"எழவை."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஒரு நொடிதான். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. திரும்பிப் பிய்க்க ஆரம்பித்தேன். செவ்வந்தி, வாடாமல்லி, தெருப் பூண்டெல்லாம் உரித்துச் செய்த மொட்டு, ஒன்றும் பார்க்கவில்லை. நர்ஸ் பெண் ஒருவர், சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். பிய்த்த இடத்தில் தெரிந்த இலைகள் மேல் கையாலேயே அள்ளி அள்ளிப் பூசினேன்.

நான் குள்ளம். இது ஒரு முக்கியமான தகவல். கைக்கு எட்டியவரைதான் பிய்த்தேன். எட்டாத மேல் பாதி தப்பித்தது. வட்டத்தின் கீழ் பாதி போய், மேல் பாதி மட்டும் வளைவாக நின்றது. வாசலில் கட்டுகிற பூத்தோரணம் போல.

முழங்கை வரை பெயிண்ட்டோடு நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ திரும்பி வந்தது. முன்சீட்டில் ஓட்டுநரை இடித்துக்கொண்டு காசி. அம்மாவும் மகளும் இறங்கி, அந்தத் தோரணத்தின் பக்கமாக நடந்து, உள்ளே போனார்கள். டாக்டரம்மா பின்னாலேயே போனார். கதவு மூடிக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அதுவரை நான் அங்கே ஒரு நாற்காலியில், தலையெல்லாம் பூண்டுத் தோலோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "தோரணம் அம்சமா இருக்கு. இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார். அந்தத் தோரணத்தைப் பார்த்துவிட்டு, பிற்பாடு கல்யாண மண்டபக்காரர்களும் பள்ளிக்கூடத்துக்காரர்களும் அதேபோலக் கேட்டு வந்தார்கள். யோசித்துச் செய்த அமைப்பு என்று ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள். யோசித்தது என் உயரம்.

அன்று டாக்டரம்மா உள்ளே போன பிறகுதான் அந்தப் பெண்ணின் அம்மா கற்கண்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்தார். "இந்தாங்கண்ணே, வாய இனிப்பாக்குங்க. பேத்தி பெறந்திருக்கா." எனக்குத் தாங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏக்கா, வாசல் வரைக்கும் வந்துட்டு எதுக்கு ஆட்டோவத் திருப்புனீக?"

"அதுவாண்ணே? ராகு காலம் முடியக் கொஞ்ச நேரம் கெடந்துச்சு. வலியும் லேசாத்தான் இருந்துச்சு. ஒரு சுத்து சுத்திட்டு வாப்பான்னு ஆட்டோக்காரருகிட்டச் சொன்னேன்." காசியைக் காட்டினார். "பாத்தா, இந்தத் தம்பி பின்னாடியே ஓடியாராரு. 'எழவு இல்லக்கா, எழவு இல்லக்கா'ன்னு ஒரே கத்து. எனக்கு ஒண்ணும் வெளங்கல. யாரு பெத்த பிள்ளையோ, புத்திக்கு என்னமோன்னு ஆட்டோவுல ஏத்திக்கிட்டேன்."

"அப்ப... சுவத்துல இருந்தத நீங்க பாக்கவே இல்லையா?"

"அம்புட்டுத் தூரம் எங்கண்ணே எனக்குக் கண்ணு தெரியுது? ராகு காலம் முடிஞ்சுச்சான்னு உள்ள இருக்கிற கடிகாரத்தத்தான் தேடுனேன். அதுவும் தெரியல."

சொல்லிக்கொண்டே பலகையின் பக்கத்தில் போனார். அண்ணாந்து பார்த்தார். என்னைவிட உயரம் அவர், எட்டி ஒரு மொட்டைத் தொட்டார். "அச்சு அசலா இருக்குதே! நீங்க செஞ்சதா? ஏன்ணே பாதியோட விட்டுட்டீக? அப்படியே கீழ வரைக்கும் வட்டமாச் சுத்தி விட்டிருந்தா எம்புட்டு அழகா இருந்திருக்கும்!"

காசி வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே ஓடிவிட்டான். நான் கற்கண்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றேன்.

"பேத்தி நடக்க ஆரம்பிச்சதும் கூட்டியாந்து காட்டுவேன். அதுக்குள்ள முடிச்சு வச்சிருங்க, என்ன?"

"சரிக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா சுவரைப் பார்த்துவிட்டு, "அந்தண்ணே இன்னும் வரலையா?" என்று கேட்கிறாராம். டாக்டரம்மாவோ, வட்டம் என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பிய்த்தது மலர்வளையத்தையா, பூப்படத்தையா என்பதும் தெரியவில்லை. அதனால் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டி வந்தால் வாடிப்பட்டி வழியாகப் போவதில்லை. நத்தம் வழியாகச் சுற்றிப் போகிறேன். எதுக்கு இம்புட்டுச் சுத்து என்று ஒவ்வொரு முறையும் செல்வி கேட்கிறாள். அந்த ரோட்டில் மரம் அதிகம், நிழலாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.